நீலக் கூடைக்கு உரியவை யாவை?

இல்லங்களில் சேரும் குப்பையை வகை பிரித்து அளிக்கும் வழக்கம் இந்திய நகரங்களில் ஆண்டுதோறும் பரவி வருகிறது. காய்கறித் தோலும், பழச் சக்கையும், எஞ்சிய உணவும் பச்சைக் கூடைக்கு உரியவை என்பதில் பெரும்பாலோர்க்கு ஐயமில்லை. நீலக் கூடையின் முன் நிற்கும்போதுதான் ஐயம் எழுகிறது. பால் பாக்கெட்டைக் கழுவிய பின் இடுவதா, அப்படியே இடுவதா? எண்ணெய் படிந்த அட்டைப் பெட்டியைக் காகிதமாகக் கொள்ளலாமா? உட்புறம் வெள்ளி போல் மின்னும் வறுவல் பாக்கெட் உலோகமா, பிளாஸ்டிக்கா? உடைந்த கண்ணாடித் தம்ளரும், காலாவதியான மாத்திரையும், தேய்ந்த செருப்பும் எங்கே சேர வேண்டியவை? ஆசிரியரிடம் மாணவரும், சுகாதாரப் பணியாளரிடம் குடும்பத்தினரும் அன்றாடம் கேட்கும் கேள்விகள் இவை. ஒரே தெருவில் இருவர் இரு விதமாக விடை கூறுவதும் உண்டு.

இம்மயக்கத்துக்குப் பொதுமக்களின் அசட்டையே காரணம் எனக் கருதுவது பொருந்தாது. வெவ்வேறான மூன்று கேள்விகள் ஒரே கேள்வியாகக் குழம்பிக் கிடப்பதே மூல காரணம். ஒரு பொருளைச் சேகரிப்போர் எந்தக் கூடையில் பெற்றுக்கொள்வர் என்பது முதற் கேள்வி. அப்பொருள் தன் இயல்பால் மறுசுழற்சிக்குத் தகுதி உடையதா என்பது இரண்டாம் கேள்வி. அந்த ஊரில் சேரும் அப்பொருள் உள்ளபடியே மறுசுழற்சி செய்யப்படுகிறதா என்பது மூன்றாம் கேள்வி. முதலாவது நகராட்சியின் ஏற்பாட்டைப் பொறுத்தது. இரண்டாவது ரசாயனத்தைப் பொறுத்தது. மூன்றாவது எட்டும் தூரத்தில் உள்ள தொழிற்சாலையையும் சந்தையையும் பொறுத்தது. இவற்றைத் தனித்தனியே விளக்கத் தெரிந்த ஆசிரியரும் களப் பணியாளரும் ஏறக்குறைய எந்தப் பொருளைப் பற்றிய ஐயத்தையும் தீர்த்துவிடலாம்.

சட்டம் கூறும் உலர் கழிவு

நகரத் திடக்கழிவு பற்றிய விதிகள் 2000ஆம் ஆண்டில் முதன்முதலாக வகுக்கப்பட்டன. அவற்றுக்குப் பதிலாக 2016 ஏப்ரலில் வெளிவந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீட்டுக் குப்பையை மக்கும் கழிவு, மக்காத கழிவு, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரித்து அளிக்கப் பணித்தன. அவ்விதிகள் ‘உலர் கழிவு’ என்னும் சொல்லுக்குத் தந்த விளக்கம் கவனிக்கத்தக்கது. மக்கும் கழிவும், தெருவில் கூட்டிய மண்ணும் நீங்கலாக எஞ்சியவை அனைத்தும் உலர் கழிவு எனப்பட்டன. மறுசுழற்சிக்கு உரியவை, உரியவை அல்லாதவை, எரியக்கூடியவை ஆகிய யாவும் அதில் அடங்கின.

ஆகவே நீலக் கூடை என்பது மறுசுழற்சிக் கூடை அன்று. நைந்த ரப்பர்ச் செருப்பை அதில் இடுவது விதிக்கு மாறானதாகாது. அச்செருப்பு மீண்டும் செருப்பாகும் என்று எண்ணுவதே பிழை. மறுசுழற்சி செய்ய இயலாத உலர் கழிவுக்கும் வேறு வழிகள் உண்டு. ஒரு கிலோவுக்கு 1500 கிலோ கலோரி அல்லது அதற்கு மேல் வெப்பம் தரக்கூடிய கழிவை நிலத்தில் புதைக்கலாகாது என்றும், அதனை எரிபொருளாகப் பயன்கொள்ள வேண்டும் என்றும் 2016ஆம் ஆண்டு விதிகள் கூறின. அத்தகைய கழிவு சிமெண்ட் ஆலைகளின் சூளைகளுக்கு அனுப்பப்படுகிறது. பொருளின் வெப்பம் மட்டுமே அங்கே பயன்படுகிறது, பொருள் எரிந்துபோகிறது. ஏற்கப்படுவதற்கும் மறுசுழற்சி ஆவதற்கும் உள்ள வேற்றுமை இதனால் விளங்கும்.

அணையாடை, மாதவிடாய் நாப்கின் ஆகியவற்றைப் பற்றி அவ்விதிகள் கூறியதும் பெரும் மயக்கத்துக்கு இடமளித்தது. அவற்றை நன்கு பொதிந்து உலர் கழிவுக் கூடையிலேயே இட வேண்டும் என்பது விதி. ஆனால் பல நகரங்களில் அவை தனியே பெறப்பட்டன. விதியைப் படித்தவர் ஒன்று கூற, வண்டியுடன் வருபவர் வேறொன்று கூறினார். இருவர் கூறியதற்கும் ஆதாரம் இருந்தது. 2024 டிசம்பரில் வெளியான புதிய விதிகளின் வரைவு இக்குறையை நீக்க முற்பட்டது. ஈரக் கழிவு, உலர் கழிவு, சுகாதாரக் கழிவு, தனிக் கவனம் தேவைப்படும் கழிவு என நான்கு பிரிவுகளை அது கூறியது. மருந்து, மின்கலம், பெயிண்ட் டப்பா போன்றவை நான்காம் பிரிவில் அடங்குவன.

நிறங்களால் விளையும் மயக்கம்

கூடைகளின் நிறமும் எல்லா இடங்களிலும் ஒரே பொருளைக் குறிப்பதில்லை. இல்லங்களில் பச்சை ஈரக் கழிவையும் நீலம் உலர் கழிவையும் குறிக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, 2016ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு விதிகளின்படி, நீலம் கண்ணாடிப் பொருள்களைக் குறிக்கும்; சிவப்பு, குழாய், கையுறை போன்ற பிளாஸ்டிக் பொருள்களைக் குறிக்கும்; மஞ்சள், இரத்தமும் சீழும் படிந்த பஞ்சு முதலியவற்றைக் குறிக்கும்; ஊசி போன்ற கூரிய பொருள்களுக்கு வெள்ளைக் கலம் உண்டு. பெங்களூரில் 2015ஆம் ஆண்டில் உயர்நீதிமன்ற ஆணையால் வலுப்பெற்ற ‘இரண்டு கூடை, ஒரு பை’ என்னும் ஏற்பாட்டில், ஈரக் கழிவுக்குப் பச்சைக் கூடையும், சுகாதாரக் கழிவுக்குச் சிவப்புக் கூடையும், உலர் கழிவுக்குப் பையும் விதிக்கப்பட்டன. மருத்துவமனையில் மறுசுழற்சிக்குச் செல்லும் பிளாஸ்டிக்கைக் குறிக்கும் அதே சிவப்பு, பெங்களூர் இல்லத்தில் மறுசுழற்சிக்கு ஆகாததைக் குறித்தது.

சேகரிக்கும் முறையும் ஊருக்கு ஊர் வேறுபடும். இந்தூர் நகரத்தின் வண்டிகளில் குப்பையை ஆறு வகையாகப் பெற அறைகள் அமைக்கப்பட்டன. புனேயில் குப்பை பொறுக்கும் தொழிலாளரே கூட்டுறவாக ஒன்றுகூடி, 2008 முதல் மாநகராட்சியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு வீடுதோறும் குப்பை பெற்றனர். கேரளத்தில் மகளிரைக் கொண்ட ஹரித கர்ம சேனை வீடுகளுக்குச் சென்று, தூய்மையாகவும் உலர்ந்தும் உள்ள மக்காத பொருள்களைப் பெறுகிறது. எந்த மாதத்தில் எப்பொருள் பெறப்படும் என்பதை உணர்த்த உள்ளாட்சி அமைப்புகள் நாட்காட்டி வெளியிடுவதும் உண்டு. ஒரு மாதம் பிளாஸ்டிக்கோடு கண்ணாடி பெறப்படும். மற்றொரு மாதம் செருப்பும் பையும் பெறப்படும். இந்தூரிலிருந்து கொச்சிக்குக் குடிபெயரும் ஒருவர் தம் பழைய பழக்கத்தையே பின்பற்றினால், முயற்சியில் குறைவில்லாதிருந்தும் பிழை செய்தவராவார்.

முக்கோணக் குறியும் அதனுள் எண்ணும்

பிளாஸ்டிக் கலங்களின் அடியில் ஒன்றையொன்று துரத்தும் மூன்று அம்புகளும், அவற்றின் நடுவே ஓர் எண்ணும் காணப்படும். அக்குறி உள்ள யாவும் மறுசுழற்சி செய்யப்படும் என்பது பரவலான நம்பிக்கை. அக்குறியின் வரலாறு இந்நம்பிக்கையை ஆதரிக்கவில்லை.

மூன்று அம்புகள் கொண்ட சின்னத்தை 1970ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி ஆண்டர்சன் என்னும் மாணவர் ஒரு போட்டிக்காக வரைந்தார். அட்டைப் பெட்டி செய்யும் நிறுவனம் ஒன்று நடத்திய போட்டி அது. 1988ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பிளாஸ்டிக் தொழிலதிபர் சங்கம், பிளாஸ்டிக்கின் வகையைத் தரம் பிரிப்போர் அறிவதற்காக, அதையொத்த அம்புகளுக்கு நடுவே 1 முதல் 7 வரை எண்களை இட்டது. எண் 1 பெட் என்னும் பாலியெஸ்டர், 2 அடர் பாலித்தீன், 3 பி.வி.சி.; 4 அடர்த்தி குறைந்த பாலித்தீன்; 5 பாலிபுரோப்பிலீன்; 6 பாலிஸ்டைரீன்; 7 மற்றவையும் கலப்புகளும். பொருள் எதனால் ஆயது என்பதை மட்டுமே எண் கூறும்; அதனை யாரேனும் வாங்குவரா என்பதைக் கூறாது. மக்கள் தவறாகப் பொருள் கொள்ளாதிருக்கும் பொருட்டு, 2013இல் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு அம்புகளை நீக்கி வெறும் முக்கோணத்தை விதித்தது. எனினும் பழைய அச்சுகளில் வார்க்கப்பட்ட கலங்களில் அம்புக்குறி இன்றும் உலவி வருகிறது.

குடிநீர்ப் புட்டியின் மீதுள்ள 1, ஷாம்பு புட்டியின் மீதுள்ள 2, உணவுக் கலத்தின் மீதுள்ள 5 ஆகியவற்றுக்குப் பெரும்பாலான நகரங்களில் வாங்குவோர் உண்டு. தெர்மாகோலின் எண் 6. அது உருகி மீண்டும் வார்ப்பாகக்கூடியதே. ஆயினும் அதன் பருமனில் பெரும்பகுதி காற்று. ஒரு வண்டி நிறையத் தெர்மாகோல் ஏற்றினாலும் எடை மிகக் குறைவாதலின், ஏற்றிச் செல்லும் கூலிக்கே விலை போதாது. தகுதி இருந்தும் மறுசுழற்சி ஆகாத பொருளுக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

தொழிற்சாலை எதிர்பார்ப்பது என்ன?

காகித ஆலையில் பழைய காகிதம் நீரில் ஊறிக் கூழாகிறது. செல்லுலோஸ் இழைகள் நீரில் பிரிந்து, வலைமீது படர்ந்து, உலரும்போது ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் புதிய தாள் உண்டாகிறது. எண்ணெய் படிந்த இழைகள் இவ்வாறு பற்றிக்கொள்வதில்லை. தாளில் கறையும் ஓட்டையும் விழுகின்றன. ஆதலின் நெய் படிந்த இனிப்புப் பெட்டியின் தூய மூடியைக் கிழித்துக் காகிதத்துடன் சேர்க்கலாம். கறை படிந்த அடிப்பகுதியைச் சேர்க்கலாகாது. தேநீர்க் காகிதக் கோப்பையின் உட்புறத்தில் பாலித்தீன் படலம் உண்டு. உணவு விடுதிகள் இட்டிலி பொதிந்து தரும் தாளிலும் அவ்வாறே. கடைகளில் இயந்திரம் அச்சிட்டுத் தரும் வழவழப்பான ரசீதில் வெப்பத்தால் நிறம் மாறும் ரசாயனப் பூச்சு இருக்கிறது. அதனையும் காகிதத்துடன் கலத்தல் நன்றன்று. பழச்சாறு அடைத்து வரும் அட்டைக் கலத்தில் ஏறக்குறைய 75 சதவிகிதம் அட்டையும், 20 சதவிகிதம் பாலித்தீனும், 5 சதவிகிதம் அலுமினியமும் உள்ளன. இவற்றைப் பிரிக்கும் சாதனம் கொண்ட ஆலைக்கு அது நல்ல மூலப்பொருள். அத்தகைய ஆலை இல்லாத பகுதியில் அது குப்பையே.

பிளாஸ்டிக் ஆலை ஒரே வகைப் பொருளையே வேண்டுகிறது. பெட் உருகுவதற்கு ஏறக்குறைய 250 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட உஷ்ணம் தேவை. அந்த உஷ்ணத்தில் பி.வி.சி. சிதைந்து பழுப்பாகி, ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளியிடும். அந்த அமிலம் பெட்டின் நீண்ட மூலக்கூறுகளை அறுத்துவிடும். ஆகவே சிறிதளவு பி.வி.சி. கலந்தாலும் பெரும் அளவு பெட் தரம் கெடும். வறுவல் பாக்கெட்டில் மெல்லிய பிளாஸ்டிக் படலங்களும் அலுமினியப் பூச்சும் அடுக்கடுக்காக ஒட்டியிருக்கின்றன. வறுவலை ஈரமும் காற்றும் அணுகாமல் காப்பது இவ்வடுக்கே. பொருளைப் பிரித்தெடுக்க இயலாமல் தடுப்பதும் இதுவே.

கண்ணாடிப் புட்டி எத்தனை முறை உருகினாலும் தரம் குறைவதில்லை. ஆனால் பள்ளி ஆய்வகத்தில் பயன்படும் போரோசிலிகேட் குடுவை புட்டிக் கண்ணாடியைவிட உயர்ந்த உஷ்ணத்தில் இளகுவது. பீங்கான் துண்டு உலையில் உருகாமலே நிற்கும். இவை கலந்தால் புதிய புட்டியில் கட்டிகள் தோன்றி, அவ்விடத்தில் விரிசல் விடும். உலோகத்தைப் பொறுத்தமட்டில் சிக்கல் குறைவு. இரும்பைக் காந்தம் பிரித்துவிடும். அலுமினியத்தைத் தாதுவிலிருந்து எடுக்கத் தேவைப்படும் சக்தியில் ஏறக்குறைய 5 சதவிகிதமே பழைய அலுமினியத்தை உருக்கப் போதுமாதலின், அதனை வாங்க எங்கும் ஆள் உண்டு.

எடையும் விலையும்

இந்திய நகரங்களில் மறுசுழற்சியின் பெரும் பகுதி பழைய பேப்பர் வாங்குபவர், காயலாங்கடைக்காரர், குப்பை பொறுக்கும் தொழிலாளர் ஆகியோரின் உழைப்பால் நடைபெறுகிறது. இவர்கள் எடைக்கு விலை பெறுபவர்கள். எப்பொருள் பொறுக்கப்படும், எப்பொருள் தெருவில் கிடக்கும் என்பதை எளிய கணக்கு ஒன்றால் அறியலாம்.

30 சென்டிமீட்டர் அகலமும் 40 சென்டிமீட்டர் நீளமும் உடைய பாலித்தீன் பையின் சுவர் 20 மைக்ரான் தடிமன் உடையதாயின், அதன் எடை ஏறக்குறைய 4½ கிராம். ஒரு கிலோ சேர 220 பைகளுக்கு மேல் பொறுக்க வேண்டும். ஒரு லிட்டர் குடிநீர்ப் புட்டியின் எடை 20 முதல் 25 கிராம் என்றால், 40 முதல் 50 புட்டிகளில் ஒரு கிலோ சேர்ந்துவிடும். அதே பை 120 மைக்ரான் தடிமன் உடையதாயின் ஏறக்குறைய 26 கிராம் எடையுள்ளதாகும்; 38 பைகள் போதும். கைப்பைகளின் குறைந்த அளவுத் தடிமன் 2016இல் 50 மைக்ரானாகவும், 2021 செப்டம்பர் 30 முதல் 75 மைக்ரானாகவும், 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானாகவும் உயர்த்தப்பட்டதன் பயன் இக்கணக்கால் விளங்கும். தடித்த பையைப் பலமுறை பயன்படுத்தலாம். பின்னர் அதனைப் பொறுக்குவதற்கும் ஆள் உண்டு.

விலை மாறும்போது பட்டியலும் மாறும். உற்பத்தியாளரின் நீட்டித்த பொறுப்புப் பற்றிய நெறிமுறைகள் 2022 பிப்ரவரியில் வெளிவந்த பின்னர், பிளாஸ்டிக் உறைகளைச் சந்தைக்கு அனுப்பும் நிறுவனங்கள் அதற்கேற்ற அளவு உறைகளைச் சேகரிக்கவும், பதப்படுத்தவும் ஏற்பாடு செய்யும் கடமை உடையனவாயின. முன்பு எவரும் தொடாத வறுவல் பாக்கெட்டும் சில இடங்களில் கட்டுகளாகச் சேர்க்கப்படுவதற்கு இத்தகைய பொறுப்பு ஒரு காரணம். சென்ற ஆண்டு மறுக்கப்பட்டது இவ்வாண்டு ஏற்கப்படலாம். இதற்கு மாறாகவும் நிகழலாம்.

நல்லெண்ணத்தால் நேரும் தீங்கு

ஐயம் எழும்போது, ‘எப்படியும் பயன்படட்டும்’ என்று நீலக் கூடையில் இட்டுவிடுவோர் பலர். இதன் விளைவைக் காணத் தரம் பிரிக்கும் கொட்டகைக்குச் செல்லுதல் வேண்டும். கழுவாத தயிர்க் கோப்பை ஒன்று பொட்டலத்தில் இருந்தால், அருகிலுள்ள செய்தித்தாள்களை நனைத்து, பூஞ்சை பிடிக்கச் செய்கிறது. விலைபோகும் காகிதம் விலையற்றதாகிறது. அந்த நட்டம் கூடையில் இட்டவருக்கு நேர்வதில்லை. அன்றைய எடையை நம்பிப் பிழைக்கும் தொழிலாளருக்கே நேர்கிறது.

பொருள் நட்டத்தினும் பெரிது உடலுக்கு நேரும் ஊறு. தரம் பிரித்தல் பெரும்பாலும் கையால் நடைபெறும் வேலை. மடித்த தாளுக்குள் கிடக்கும் சவரத் தகடு, பையினுள் மறைந்த இன்சுலின் ஊசி, பொதியாத கண்ணாடிச் சில்லு ஆகியவை விரலை அறுக்கும். ஊசிக் குத்தால் மஞ்சட்காமாலை போன்ற நோய்கள் தொற்றவும் கூடும். பொதியாது எறியப்பட்ட நாப்கினைத் திறந்து பார்த்துப் பிரிக்க நேரும் இழிவும் இவர்களுக்கே உரியதாகிறது. புனேயிலும் பிற நகரங்களிலும் இத்தகைய கழிவைச் செய்தித்தாளில் பொதிந்து, மேலே சிவப்புப் புள்ளி ஒன்று இடும் பழக்கம் பரப்பப்பட்டது. ஒரு புள்ளி இடுவதற்கு ஒரு வினாடியும் ஆகாது. பொட்டலத்தைத் திறக்க வேண்டாம் என்பதைப் படிக்கத் தெரியாதவருக்கும் அது உணர்த்தும்.

தனியே வைக்க வேண்டியவை

பின்வரும் பொருள்களை நீலக் கூடையிலும் பச்சைக் கூடையிலும் இடலாகாது. கைப்பேசியிலும் விளையாட்டுப் பொருள்களிலும் உள்ள லித்தியம் மின்கலம், வண்டியில் குப்பை அழுத்தப்படும்போது நசுங்கித் தானே தீப்பற்றும். குழல் விளக்கிலும் சி.எஃப்.எல். விளக்கிலும் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. உடைந்தால் அதன் ஆவி பரவும். உடைந்த பாதரச வெப்பமானி, பூச்சிமருந்துக் கலம், பெயிண்ட் டப்பா, காலாவதியான மருந்து, பயன்படுத்திய ஊசி ஆகியவையும் வீட்டு அபாயக் கழிவாகவே 2016ஆம் ஆண்டு விதிகளில் கூறப்பட்டன. மின்னணுப் பொருள்களுக்கும் மின்கலங்களுக்கும் 2022ஆம் ஆண்டில் தனித்தனி விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. இவற்றைப் பெறும் இடம் ஊரில் எங்கே உள்ளது என்பதை அறிந்து கூறுவதே களப் பணியாளர் செய்யக்கூடிய பேருதவி. அவ்விடம் தெரியாத குடும்பம் பழைய மின்கலத்தை வேறு வழியின்றிக் கூடையில்தான் இடும்.

‘மக்கும் பிளாஸ்டிக்’ என அச்சிடப்பட்ட பையும் ஐயத்துக்கு உரியதே. அத்தகைய பை பொதுவாக ஏறக்குறைய 58 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணம் பல வாரம் நீடிக்கும் உரத் தொழிற்கூடத்தில் மக்குவதற்கென்றே செய்யப்படுவது. வீட்டுத் தோட்டக் குழியில் அந்த உஷ்ணம் நிலைப்பதில்லை. பாலித்தீனுடன் கலந்தாலோ மறுசுழற்சிப் பொருளின் தரத்தை அது குறைக்கும். அதனை எவ்வாறு பெறுவர் என்பதை உள்ளூர் அமைப்பிடம் கேட்டறிதலே முறை. தேங்காய் ஓடு இதற்கு நேர்மாறான ஐயத்தை எழுப்புவது. அது மக்கக்கூடியதே, ஆனால் லிக்னின் மிகுந்த அதன் கட்டமைப்பு மிகவும் மெல்ல மக்குவதால், உரக்குழியில் முழுதாகவே கிடக்கும். சில ஊர்களில் அதனைத் தனியே பெறுவர்.

வகுப்பறையில் செய்யத்தக்க சோதனைகள்

முதற் சோதனைக்குக் குடிநீர்ப் புட்டியும் அதன் மூடியும் போதும். இரண்டையும் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒரு சொட்டுச் சோப்பு நீர் கலந்த தண்ணீரில் இட்டுக் கிளற வேண்டும். புட்டியின் துண்டுகள் மூழ்கும். மூடியின் துண்டுகள் மிதக்கும். பெட்டின் அடர்த்தி ஏறக்குறைய 1.38; அடர் பாலித்தீனின் அடர்த்தி 0.95, பாலிபுரோப்பிலீனின் அடர்த்தி 0.90. ஆலைகளிலும் பெருந்தொட்டிகளில் இம்முறையே கையாளப்படுகிறது. பி.வி.சி.யின் அடர்த்தி ஏறக்குறைய 1.4 ஆதலின் அதுவும் பெட்டுடன் மூழ்கிவிடும் என்பதை மாணவர் கண்டறிந்தால், வகை பிரித்தலின் அவசியம் அவர்களுக்குத் தெளிவாகும். பிளாஸ்டிக்கை எரித்துப் பார்த்து வகை அறியும் சோதனையை வகுப்பறையில் செய்தலாகாது. வெளிப்படும் வாயு நச்சுத்தன்மை உடையது.

இரண்டாம் சோதனைக்கு மூன்று கண்ணாடிக் குடுவைகள் வேண்டும். ஒன்றில் செய்தித்தாள் துண்டுகளையும், இன்னொன்றில் எண்ணெய் தோய்ந்த செய்தித்தாள் துண்டுகளையும், மற்றொன்றில் காகிதக் கோப்பையின் துண்டுகளையும் இட்டு, வெந்நீர் ஊற்றி ஒரு நாள் ஊறவைத்துக் குலுக்க வேண்டும். முதலாவதில் கூழ் உண்டாகும். இரண்டாவதில் நீரின்மேல் எண்ணெய் மிதக்கும். மூன்றாவதில் பிளாஸ்டிக் படலம் தனியே நிற்கும். ஆலைக்காரர் எதை விரும்புவார் என்பதை மாணவரே கூறிவிடுவர்.

களப் பணியாளர் கவனத்துக்கு

உள்ளூருக்கென ஒரு பட்டியல் தயாரித்தல் முதற் பணி. வண்டி எந்நாள் வருகிறது, குப்பை எங்கே தரம் பிரிக்கப்படுகிறது, அங்கிருந்து எப்பொருள் விற்பனைக்கும் எப்பொருள் சூளைக்கும் செல்கிறது, அபாயக் கழிவை எங்கே ஒப்படைக்கலாம், சுகாதாரக் கழிவு எக்கூடையில் பெறப்படுகிறது ஆகிய ஐந்தையும் தரம் பிரிக்கும் இடத்திலேயே சென்று கேட்டறிய வேண்டும். அலுவலகச் சுற்றறிக்கையை மட்டும் நம்பிப் பட்டியல் எழுதுதல் போதாது; கையால் பிரிப்பவர் கூறும் விவரமே பெரும்பாலும் சரியானது.

பட்டியலில் ரசாயனப் பெயர்கள் வேண்டுவதில்லை. பால் பாக்கெட், எண்ணெய் உறை, முட்டை அட்டை, மாத்திரை அட்டை, பற்பசைக் குழாய் என இல்லத்தில் வழங்கும் பெயர்களையே எழுதி, படிக்கத் தெரியாதவரும் அறியப் படமும் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே இரண்டு கட்டங்கள் இருத்தல் நலம்: எக்கூடையில் இடுவது என்பது ஒன்று, பின்னர் அது என்னவாகிறது என்பது மற்றொன்று. இரண்டாம் கட்டத்தை மறைக்க வேண்டியதில்லை. செருப்பு சூளைக்குச் செல்கிறது என்ற உண்மையை அறிந்தவர், அடுத்த செருப்பைத் தைத்து அணியவும், நீடித்து உழைக்கும் செருப்பை வாங்கவும் முற்படுவர்.

பாத்திரம் கழுவிய நீரிலேயே பால் பாக்கெட்டை அலசி உலர்த்தலாம். அதற்கென நல்ல நீரைச் செலவிட வேண்டுவதில்லை. பாக்கெட்டின் முனையை முழுதும் வெட்டி எறியாமல், ஒட்டியபடி விட்டு வெட்டினால், சிறு துண்டு மண்ணில் சேராது. உடைந்த கண்ணாடியைத் தடித்த தாளில் பொதிந்து, அடையாளம் இட்டு, வருபவர் கையில் சொல்லிக் கொடுத்தல் வேண்டும். பட்டியலில் இல்லாத பொருள் கிடைத்தால், அதனைக் கூடையில் மறைத்து இடாமல் தனியே வைத்து, மறுநாள் வண்டியுடன் வருபவரிடம் கேட்பது நன்று.

ஆண்டுக்கு ஒருமுறையேனும் பட்டியலைத் தரம் பிரிக்கும் இடத்தில் சரிபார்த்துத் திருத்த வேண்டும். திருத்திய நாளையும் அதில் குறித்துவிட்டால், சுவரில் ஒட்டிய பழைய பட்டியலை நம்பிப் பிழை செய்ய நேராது. பட்டியலைத் தயாரிக்கும்போதே பள்ளி மாணவர் சிலரை உடன் அழைத்துச் செல்லுதல் பயனுடையது. தங்கள் வீட்டுக் குப்பை யார் கையில் சேர்கிறது என்பதை நேரில் கண்ட சிறுவர், ஊசியையும் சில்லையும் பொதியாமல் எறிய மனம் கொள்ளார்.